குகைக்கு இந்தப் பக்கம் வெயில்

அன்புள்ள சார்,

உங்கள் முதல் ரயில் பயணக் கட்டுரையைப் படித்தேன். 1972-இல், ஆறு வயதில், அம்மா, அக்காவோடு தென்காசியிலிருந்து மலையைத் தாண்டி கேரளத்துப் புனலூருக்குப் போனதை எழுதியிருந்தீர்கள். என் அப்பா அந்தப் பாதையில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். தண்டவாளத்தில் நடந்தே வளர்ந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டி, கொட்டும் மழையில் குகைக்குள் நுழைந்து, மறுபக்கம் வெயிலில் வெளியே வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். செங்கோட்டையிலிருந்து போனால் பகவதிபுரம் தாண்டியதும் குகைதான் முதலில் வரும். பாலம் இன்னும் கீழே, கழுதுருட்டிப் பக்கம். மழையும் குகைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்தானே? எங்கேயோ இடிக்கிறதே சார்.

எஸ்., செங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

படித்ததும் கோபம்தான் வந்தது. ஐம்பது வருஷமாகச் சொல்லிவரும் கதை, பேரப்பிள்ளைகள் வரைக்கும் போய்விட்டது. அப்புறம் ஒரு தாளில் ஸ்டேஷன்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை. நீங்கள் சொல்வதுதான் சரி.

இன்னொன்றும் இடிக்கிறது. அதை நீங்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டீர்கள். பாலத்துக்குப் பக்கத்து வளைவில் எட்டிப் பார்த்தபோது, வண்டியின் வாலில் இன்னொரு எஞ்சின் மூச்சுவாங்கித் தள்ளிக்கொண்டு வந்தது என்று எழுதியிருந்தேன். புனலூருக்குப் போகிற வண்டி அங்கே இறக்கத்தில் அல்லவா இருக்கும்? இறங்குகிற வண்டியை எவன் மூச்சுவாங்கத் தள்ளுவான்!

ஆக, நான் முதல் பயணம் என்று எழுதியது திரும்பி வந்த பயணம்.

போகும்போது நடந்தது என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்றே ஒன்று. அந்தக் கெட்டி அட்டை டிக்கெட். அம்மா அதை என் கையில் கொடுத்து உடனே வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அப்போது ஆத்திரம் வந்தது. புனலூரில் சித்தி வீட்டில் பத்து நாள். கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்குபாலத்தில் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததெல்லாம் நடுவில் வருகிறது.

குகையை மட்டும் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். நுழைவதற்கு முன்பே "ஜன்னலை இறக்குங்க, ஜன்னலை இறக்குங்க" என்று பெட்டி முழுக்கக் குரல். மரச்சட்டங்கள் படபடவென்று விழும். எங்கள் ஜன்னல் பாதியில் சிக்கிக்கொண்டது. புகை உள்ளே வந்து உட்கார்ந்தது. அம்மா என் மூக்கையும் வாயையும் முந்தானையால் பொத்தினாள். மழையில் நனைந்த நூல்சேலை, அதில் கரிநெடி, கொஞ்சம் சித்தி வீட்டுத் தேங்காயெண்ணெய். இருட்டில் யாரோ தீக்குச்சி உரசினார்கள். ஒரு மீசை தெரிந்து அணைந்தது. சத்தம் சட்டென்று மாறியது, வெளியே வந்துவிட்டோம். மழையைக் காணோம். மூங்கில் புதரில் வெயில், சாரல் கலந்த குற்றாலத்துக் காற்று. கண்ணில் கரித்தூள் விழுந்து நான் அலற, அம்மா முந்தானை நுனியைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி ஊதி, அந்தச் சூட்டைக் கண்ணில் ஒற்றினாள்.

1904-இல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் வண்டி 2010-இல் நின்றது. 2018-இல் அகலப்பாதை வந்தபின் ஒருமுறை போய்வந்தேன். குகைக்குள் யாரும் ஜன்னலை இறக்கவில்லை. பெட்டியில் விளக்கு எரிந்தது, எதிர் சீட்டுப் பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. எனக்கு மட்டும் கை தன்னால் மூக்குக்குப் போனது.

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். மதுரையில் இருக்கிறாள், என்னைவிட நாலு வயது மூத்தவள். "அவர் சொல்றது சரிதாம்ல. போறப்ப நீ தென்காசி ஸ்டேஷன் தாண்டுமுன்ன தூங்கிட்ட. புனலூர்ல சித்தப்பா உன்னத் தோள்ல போட்டுத்தான் எறக்குனாரு" என்றாள்.

சரி, திரும்பி வந்ததாவது மிச்சம் என்று நினைத்துக்கொண்டு போனை வைக்கப் போனேன்.

"இன்னொன்னு. கரி விழுந்தது உன் கண்ணுல இல்ல. என் கண்ணுல."