கொடிய வைரஸ் பரவும் நாட்டிலிருந்து யாரையுமே உள்ளே விடாமல் தடுத்துவிடுவதுதானே நல்லது?

இல்லை. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் தெருவுக்கோ அலுவலகத்துக்கோ யாரோ அப்படி ஒரு நாட்டிலிருந்து வரப்போகிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேள்விக்குக் கீழே "ஒரு ஆளுக்காக ஊரையே பலி கொடுக்க முடியுமா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2014-இல் எங்கள் ஊரில் அந்த ஒரு ஆள் நான்தான்.

நான் மருத்துவர் இல்லை, கணக்கு எழுதுகிறவன். அதனால் "உனக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பிக்க வேண்டாம். எபோலா என்ற வைரஸ் நோய் பரவிய காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில், அரிசியும் தக்காளி பேஸ்ட்டும் இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஊரில் கேட்பவர்களுக்கு "ஆப்பிரிக்கா" என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி "தென்னாப்பிரிக்காவா?" என்றுதான் வரும். துபாய், சிங்கப்பூர் போனவனுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட எங்களுக்குக் கிடையாது. அது வேறு கதை.

அந்த முறை பரவியதில் முதல் நோயாளி என்று சொல்லப்படுவது கினியாவின் மெலியாண்டு என்ற காட்டோரக் கிராமத்துக் குழந்தை. 2013 டிசம்பர். அது எபோலாதான் என்று உறுதியாவதற்கு 2014 மார்ச் ஆகிவிட்டது. கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் சந்திக்கும் பகுதி அது. வரைபடத்தில்தான் அங்கே எல்லைக்கோடு. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஜனங்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இருப்பார்கள். மே மாதம் சியரா லியோனுக்கு வந்தது. எல்லாம் முடியும்போது மூன்று நாடுகளிலும் சேர்த்து 28,000-க்கும் மேல் நோயாளிகள், 11,000-க்கும் மேல் சாவுகள்.

எபோலா காற்றில் பரவுவதில்லை. நோயாளியின் இரத்தம், வாந்தி, வியர்வை போன்ற உடல் திரவங்கள் பட்டால்தான். காய்ச்சல் போன்ற அறிகுறி வருவதற்கு முன்னால் அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றாது. உடம்பில் புகுந்தால் வெளியே தெரிய 2 முதல் 21 நாள் வரை ஆகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடை வாசலில் குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளி, அதில் குளோரின் தண்ணீர். கையைக் கழுவி, நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை நீட்டும் காவலாளியைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். வங்கி, மளிகைக்கடை, அலுவலகம் எங்கே போனாலும் இதே கதை. சாயங்காலத்துக்குள் கை வறண்டு தோல் உரியும், சோற்றை வாயில் வைத்தால் குளோரின் வாசம். பள்ளிகளை மூடிவிட்டு வானொலியில் பாடம் நடத்தினார்கள். செப்டம்பரில் மூன்று நாள் நாடு முழுக்க யாரும் வெளியே வரக்கூடாது என்று அடைத்து, வீடு வீடாகப் போய் சோப்பு கொடுத்து விளக்கினார்கள். வார்த்தைக்கு வார்த்தை கைகுலுக்குகிற ஊர் அது. அந்தப் பழக்கம் கொஞ்ச நாளில் அடியோடு நின்றது.

எங்கள் ஸ்டோர் கீப்பரின் அம்மா இறந்தார். வயதானவர், வெகுநாளாகவே முடியாமல் கிடந்தவர். ஆனால் அப்போது யார் செத்தாலும் 117 என்ற அவசர எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும், வெள்ளை உடை போட்டவர்கள் வந்துதான் உடலை எடுப்பார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வது அங்கே பிள்ளைகளின் கடமை. நோய் பெருமளவில் பரவ அதுவும் ஒரு வழி, அதனால் அந்தச் சட்டத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அவர்கள் வந்து மருந்து தெளித்து, வாயில் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுத்து, பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடி வண்டியில் ஏற்றினார்கள். இவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார். சில நாள் கழித்து ரிசல்ட் வந்தது, எபோலா இல்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்கு வருவார். யாராவது தள்ளி நின்றால் எடுத்துக் காட்டுவார்.

இனி நீங்கள் கேட்ட தடைக்கு வருகிறேன். ஆகஸ்ட் 8-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைச் சர்வதேச அவசரநிலை என்று அறிவித்தது. பயணத்துக்கோ வணிகத்துக்கோ பொதுவான தடை வேண்டாம் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. யார் கேட்டார்கள்? பிரிட்டிஷ் ஏர்வேஸ் நின்றது, கென்யா ஏர்வேஸ் நின்றது, ஏர் பிரான்ஸும் ஃப்ரீடவுனுக்கு வருவதை நிறுத்தியது. தொடர்ந்து ஓடியவை பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸும் ராயல் ஏர் மரோக்கும்தான். அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் நான் இன்றுவரை நன்றி சொல்வேன். விமானம் நின்றால் என்னைப் போன்றவன் ஊருக்கு வர முடியாது, அவ்வளவுதானே என்று தோன்றும். கையுறையும் மருந்தும் வெளிநாட்டு மருத்துவர்களும் அதே விமானத்தில்தான் வர வேண்டும். நோயை அங்கேயே அணைக்க ஆள் வேண்டும் என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, அந்த ஆள் போகும் பாதையை அடைத்தார்கள். போனால் திரும்பி வர விமானம் இருக்குமா என்று தெரியாத ஊருக்கு எந்த நர்ஸ் துணிந்து போவார்?

நாடுகளின் உறவும் அப்போதுதான் வெளுத்தது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் விசா கொடுப்பதை நிறுத்தின. 2015 ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்தை நடத்த வேண்டிய மொராக்கோ, எபோலாவைக் காட்டி ஒத்திவைக்கச் சொல்லிப் பின்வாங்கியது, போட்டி ஈக்குவடோரியல் கினி என்ற வேறொரு நாட்டுக்குப் போனது. நாமும் சளைத்தவர்கள் இல்லை. 2014 டிசம்பரில் டெல்லியில் நடக்கவிருந்த இந்திய-ஆப்பிரிக்க மாநாட்டை அடுத்த ஆண்டு அக்டோபருக்குத் தள்ளினோம். உதவி வந்ததும் பழைய உறவுமுறைப்படிதான். சியரா லியோனுக்கு பிரிட்டன், லைபீரியாவுக்கு அமெரிக்கா, கினியாவுக்கு பிரான்ஸ், ஆளுக்கொரு வீடு. இந்தக் கணக்குக்கு வெளியே இருந்த கியூபா அக்டோபர் தொடக்கத்திலேயே 165 மருத்துவப் பணியாளர்களை ஃப்ரீடவுனில் இறக்கியது. லைபீரியாவில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த தன் வீரர்களை பிலிப்பைன்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது, நம் நாட்டுப் பெண் போலீஸ் பிரிவு 2016 வரை அங்கேயே இருந்தது. இதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெனிமா ஊர் மருத்துவமனையில் எபோலா சிகிச்சைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் ஷேக் உமர் கானுக்கே நோய் வந்தது. சோதனைக் கட்டத்தில் இருந்த ஸீமேப் என்ற மருந்து அவரைச் சேர்த்திருந்த முகாமிலேயே இருந்தது. யோசித்து, கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஜூலை 29-ஆம் தேதி இறந்தார். சில நாளில் அதே மருந்து லைபீரியாவில் இருந்த அமெரிக்கர்கள் இருவருக்குக் கிடைத்தது, தனி விமானத்தில் அட்லாண்டாவுக்குப் போய்ப் பிழைத்தார்கள். பரிசோதிக்கப்படாத மருந்தைக் கொடுத்து அவர் இறந்திருந்தால் பழி வேறு மாதிரி வந்திருக்கும் என்கிற வாதமும் எனக்குத் தெரியும். ஆனால் ஃப்ரீடவுனில் இந்த வாதத்தைச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியவில்லை.

வருஷக் கடைசியில் வியாபாரம் படுத்து, போகிறவர்கள் போகலாம் என்று நிறுவனம் சொன்னதும் கிளம்பினேன். விமான நிலையத்தின் பெயர் லுங்கி. சிரிக்காதீர்கள், ஊர்ப் பெயரே அதுதான். படகில் கடலைத் தாண்டிப் போக வேண்டும். படகு ஏறும்முன் காய்ச்சல் பார்த்தார்கள், நுழைவாயிலில் பார்த்தார்கள், விமானம் ஏறும்முன் மறுபடியும் பார்த்தார்கள். கசாபிளாங்கா, துபாய் வழியாகச் சென்னை. அங்கே ஒரு படிவம்: எந்த ஊர், எந்தத் தேதி, சாவு வீட்டுக்குப் போனீர்களா, நோயாளியைத் தொட்டீர்களா. மஞ்சள் காய்ச்சல் கார்டையும் கேட்டார்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டு வாங்கியதை நீட்டினேன். இதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன்.

கோவில்பட்டிக்கு வந்த பிறகு சுகாதார ஆய்வாளர் ஒருவர் தினமும் காலையில் போன் செய்வார். "சார், காய்ச்சல் உண்டா? தலைவலி? சரி சார், நாளைக்குக் கூப்பிடுறேன்." அந்த 21 நாள் கெடு முடியும்வரை ஒரு நாளும் தவறவில்லை. அரசு ஊழியர்களைத் திட்டுகிறவர்கள் இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்தான் வேறு மாதிரி இருந்தது. மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசம் அந்த வாரம். "அத்தான், நீங்க அலைய வேண்டாம், ரெஸ்ட் எடுங்க, அக்காவை மட்டும் அனுப்புங்க" என்றான். அக்காவையும் பந்தியில் ஓரமாக உட்கார வைத்ததாகப் பிறகு தெரிந்தது. டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் காகிதக் கப். கேட்டதற்கு "உங்களுக்கு வசதியா இருக்கும்ணே" என்றார் கடைக்காரர். நம் ஊர் டீக்கடைகளில் தனிக் குவளைக்கு என்ன வரலாறு என்று உங்களுக்கே தெரியும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, தலைமுறை தலைமுறையாக அதை அனுபவித்தவர்களின் வலியோடு என் சில வாரங்களை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தக் கப்பைக் கையில் வாங்கியபோது மனதில் ஓடியது அதுதான்.

"அப்படியென்றால் எல்லோரையும் திறந்துவிடச் சொல்கிறாயா, அமெரிக்காவில் என்ன நடந்தது?" என்று கேட்பீர்கள். டல்லாஸில் எபோலாவால் இறந்த தாமஸ் எரிக் டங்கனைத்தான் எல்லோரும் இழுப்பார்கள். லைபீரியாவில் ஏறும்போது அவருக்குக் காய்ச்சல் இல்லை. வந்து சில நாளில் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார், ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததையும் சொன்னார். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஆம்புலன்ஸில் போனபோதுதான் சேர்த்தார்கள். அவரைக் கவனித்த இரண்டு நர்ஸ்களுக்குத் தொற்றியது, இருவரும் பிழைத்தார்கள். கூட விமானத்தில் வந்தவர்களுக்கு வரவில்லை, ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் வரவில்லை. சறுக்கியது எங்கே என்று நீங்களே பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் நைஜீரியா. 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து நோயோடு ஒருவர் லாகோஸில் விமானத்தில் வந்து இறங்கினார். இரண்டு கோடிப் பேர் நெருக்கியடிக்கும் நகரம். அவரைச் சேர்த்த மருத்துவமனையின் டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடடேவோ, மேலிடத்து நெருக்கடி வந்தும் அவரை வெளியே விடவில்லை. பிறகு அந்த டாக்டரே தொற்றி இறந்தார். தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரைத் தேடிப்பிடித்து, வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். போலியோ சொட்டு மருந்துக்காகப் பழகியிருந்த ஆட்களே இதற்கு உதவினார்கள். மொத்தம் 20 பேரோடு, 8 சாவோடு நின்றது. அக்டோபர் 20-ஆம் தேதி எபோலா இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். ஒரு டாக்டரின் பிடிவாதமும் நடையாய் நடந்தவர்களும்தான் அந்த ஊரைக் காப்பாற்றினார்கள்.

கொரோனாவைச் சொல்லிச் சண்டைக்கு வருபவர்களுக்கு: அது வேறு வகை. அறிகுறியே இல்லாதவரிடமிருந்து பரவும், காற்றில் பரவும். 2020 மார்ச்சில் நியூசிலாந்து எல்லையை மூடியது பலன் கொடுத்தது, மறுக்கவில்லை. தீவு, எல்லோருக்கும் ஒரே விதி, உள்ளே வருபவருக்குத் தனிமைப்படுத்தல். ஆனால் 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரானைக் கண்டுபிடித்து மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னபோது என்ன நடந்தது? ஓரிரு நாளில் அந்த நாட்டு விமானங்களுக்குத் தடை. அதற்குள் ஐரோப்பாவிலேயே அது இருந்தது. அடுத்த முறை ஒரு நாட்டு சுகாதார அமைச்சர், சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தால் அந்த இரண்டு நாளுக்கு யார் பொறுப்பு? 2003-இல் சார்ஸ் நோயை சீனா மூடி மறைத்ததும் ஒரு முக்கியக் காரணமாகத்தான் 2005-இல் சர்வதேச சுகாதார விதிகளையே திருத்தி எழுதினார்கள்.

உங்கள் விஷயத்தில், வரப்போகிறவரிடம் எந்த ஊரில் இருந்தார், நோயாளியோடு தொடர்பு உண்டா என்று நேராகக் கேளுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் ஆட்டோவில் ஏற்றி அக்கம்பக்கத்து கிளினிக்குகளுக்கு அலையாமல் முதலில் போன் செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரவே கூடாது என்று சொன்னால், எங்கிருந்து வந்தேன் என்பதை மறைத்துவிட்டு லாட்ஜில் தங்குவார். அதுதான் ஊருக்கு நிஜமான ஆபத்து.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எபோலா காரணமாகப் போகலாம் என்று அனுப்பிய அதே நிறுவனம், ஒப்பந்தக் காலம் முடியும்முன் நானாகவே கிளம்பியதாக எழுதி, நான் ஊர் திரும்பிய டிக்கெட் பணத்தைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. பெயர் சொல்ல மாட்டேன். வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட்டைக் கேட்டால் "அண்ணே, அது கம்பெனி பாலிசி" என்றான். கணக்கு எழுதினவனுக்கே கணக்குக் காட்டுகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள், தொற்றுநோய், போர் மாதிரி வந்தால் டிக்கெட் யார் செலவு என்று ஒரு வரி கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.