ஆலைகள் எல்லாம் ஒரே விலை சொன்னால்

கேள்வி: பெங்களூரா மா பயிரிடும் விவசாயி நான். சென்ற பருவத்தில் காய் ஏற்றிய டிராக்டருடன் மூன்று மாங்கூழ் ஆலைகளின் வாசலில் நின்றேன். மூன்றிலும் ஒரே விலை. குறைத்தபோதும் ஒரே நாளில், ஒரே அளவு குறைத்தார்கள். சட்டப்படி கேட்க வழி உண்டா?
– வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: வழி உண்டு. ஆனால் அது திறந்து அதிக காலம் ஆகவில்லை. 1969-இல் வந்த ஏகபோகத் தடைச் சட்டம், பெரிய நிறுவனங்கள் மேலும் பெருத்துவிடக் கூடாது என்பதிலேயே பெரிதும் கவனம் வைத்தது. வியாபாரிகள் கூடி விலை பேசுவதை அதுவும் தவறென்றே சொன்னது. எனினும், "இனிச் செய்யாதே" என்று உத்தரவிட முடிந்த அதன் ஆணையத்துக்கு, செய்த தவறுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. 1991-இன் தாராளமயத்துக்குப் பிறகு அச்சட்டம் காலத்துக்குப் பொருந்தாமல் போகவே, 2002-இல் போட்டிச் சட்டம் நிறைவேறியது. நீதிமன்ற வழக்கும் திருத்தமும் குறுக்கிட்டதால், உங்களுக்குத் தேவையான 3-ஆம் பிரிவு 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

அப்பிரிவு விற்கும் விலையை மட்டுமல்ல, வாங்கும் விலையைக் கூடிப்பேசி முடிவுசெய்வதையும் தடுக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை; வாய்ப்பேச்சே போதும். ஆனால் விலை ஒன்றாக இருப்பது மட்டும் சான்றாகாது என்பதை மனத்தில் வையுங்கள். காய்ப்பு மிகுந்து வரத்து குவிந்தாலும் எல்லா ஆலைகளும் விலையைக் குறைக்கும். 2012-இல் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோதுகூட, போட்டிச் சட்டத்தின்படி அமைந்த போட்டி ஆணையம் விலையோடு நிற்காமல் உற்பத்தி, அனுப்பீடு, சங்கக் கூட்டங்கள் ஆகியவற்றையும் சேர்த்தே பார்த்தது. அவ்வுத்தரவு மேல்முறையீட்டில் ரத்தாகி, 2016-இல் ஆணையம் மீண்டும் அபராதம் விதிக்க நேர்ந்தது.

ஆகவே தேதியும் விலையும் உள்ள எடைமேடைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த விலைத் தகவல்களை அழிக்காதீர்கள். தனியாகவோ சங்கமாகவோ ஆணையத்திடம் தகவல் அளிக்கலாம். 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தவறு நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். முதல்நோக்கில் முகாந்திரம் தெரிந்தால், ஆணையத்தின் தலைமை இயக்குநர் விசாரிப்பார்.

ஒரு எச்சரிக்கை: "இந்த விலைக்குக் கீழ் யாரும் காய் கொடுக்கக் கூடாது" என்று உங்கள் சங்கம் தீர்மானம் போட்டால், அதே 3-ஆம் பிரிவு உங்களைக் கேள்வி கேட்கக்கூடும். அதற்குப் பதிலாக, ஆட்சியர் முன்னிலையில் ஆலையாளர்களோடு முத்தரப்புக் கூட்டம் நடத்தும்படி பருவம் தொடங்கும் முன்பே மனுக் கொடுங்கள்.