இருபது நிமிஷத்தில் எட்டு வருஷம்

அன்புள்ள சார்,

சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். கல்யாண போட்டோ எடுப்பது தொழில். 2016-லிருந்து தாராவியில் இட்லி அவித்து சைக்கிளில் கொண்டுபோய் விற்கிற நம் ஆட்களைப் படம் எடுத்து வந்தேன். எட்டு வருஷம் ஓடிவிட்டது. யாரும் கேட்டு எடுக்கவில்லை, காசும் கிடையாது. சமீபத்தில் பாந்த்ராவில் போட்டோகிராபர்கள் கூடுகிற ஒரு மாலை நிகழ்ச்சியில் இருபது நிமிஷம் கொடுத்தார்கள். 90 படம் காட்டினேன். கை தட்டினார்கள். முதல் கேள்வியே “என்ன லென்ஸ்?” அடுத்து ஒருவர் எழுந்து, “ஏழைகள் வீட்டுக்குள் புகுந்து எடுத்ததை ஏசி ஹாலில் காட்டுகிறீர்களே, சரியா?” என்றார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. ஏதோ உளறிவிட்டு இறங்கினேன். இப்போது வேறொரு இடத்தில் கூப்பிடுகிறார்கள். போகவா, வேண்டாமா? போனால் எதைக் காட்டுவது? பன்னிரண்டு படம் இணைத்திருக்கிறேன். தாராவியே மாறப்போகிறது என்கிறார்கள். அதையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் காட்டவேண்டுமா?

மு., மும்பை

அன்புள்ள மு.,

போங்கள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

90 படத்தை இருபது நிமிஷத்தில் காட்டினால் ஒரு படத்துக்குப் பதின்மூன்று வினாடி. அதற்குள் நீங்கள் பேசவும் செய்திருக்கிறீர்கள். பார்க்கிறவர் படத்தைப் பார்ப்பாரா, உங்கள் இங்கிலீஷைக் கேட்பாரா? லென்ஸ் கேள்வியை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடித்துக்கொள்ள வேறொன்றும் கிடைக்காத ஆள் கேட்கிற கேள்வி அது. போட்டோகிராபர்கள் கூடுகிற இடத்தில் கூடுதலாகவே வரும்.

2003-இல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளெய்ன், மார்க் டைதம் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் படம் காட்டிப் பேசுவதற்குப் பெச்சா குச்சா என்று ஒரு முறையைத் தொடங்கினார்கள். 20 படம், ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி, மொத்தம் 6 நிமிஷம் 40 வினாடி, அத்தோடு மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். கட்டடக்கலைஞர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள் என்பதற்காக வந்த ஏற்பாடு. இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. வருஷக்கணக்கில் எடுத்த வேலைக்கு அது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம் வேண்டியிருக்கும், இன்னொன்றுக்கு மூன்று வினாடி போதும். ஆனால் இருபதுக்குமேல் கிடையாது என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்தால் எந்த இருபதை எடுப்பீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

எப்படிக் கழிப்பது? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு அளவுகோல்தான். முதல் வாரமே எடுத்திருக்கக்கூடிய படமா? அப்படியானால் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நீங்கள் அனுப்பியதில் ஆவிக்கு நடுவே ஒரு அம்மா இட்லித் தட்டைத் தூக்குகிற படம் இருக்கிறது. மேலேயிருந்து ஒற்றை பல்பு வெளிச்சம். பிரமாதமான படம். அதை நீக்கிவிடுங்கள். விடிகாலையில் கேமராவோடு அந்தச் சந்துக்குள் போகிற எவருக்கும் அது கிடைக்கும். மரைன் டிரைவில் விடியலில் சைக்கிள் போகிற படமும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும்தான் கைதட்டல் அதிகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது படத்துக்கு வருவோம். இட்லிக்காரர் ஒருவர் சைக்கிளின் ரப்பர் ஹாரனைச் சுற்றி ஒரு பழைய துணியைக் கட்டியிருக்கிறார். நான் முதலில் கவனிக்கவே இல்லை. கீழே நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். ஏழு மணிக்கு முன்னால் பாம் பாம் என்று அடித்தால் அடுக்குமாடி சொசைட்டி வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார், அதனால் அந்த ஒரு தெருவுக்கு மட்டும் துணி, அடுத்த தெருவில் அவிழ்த்துவிடுவார். இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் எத்தனை விடியற்காலை அவர் பின்னாலேயே போயிருக்க வேண்டும்! அப்புறம் அந்தப் பையன். 2016-இல் உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறான். 2023-இல் அதே வாசலில் சாப்பாடு டெலிவரி கம்பெனி டி-ஷர்ட்டோடு பைக்கை உதைக்கிறான், பின்னால் அப்பாவின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கிறது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒரு வார்த்தை பேசாதீர்கள். அப்பாவுடையதும் பையனுடையதும் உணவு கொண்டுபோகிற வேலைதான் என்பதை ஹாலில் இருப்பவர்கள் அவர்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

நிக்கலஸ் நிக்சன் என்ற அமெரிக்கர் 1975-லிருந்து தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் வருஷத்துக்கு ஒரு படம் என்று எடுத்துவந்தார். நான்கு பேரும் எப்போதும் அதே வரிசையில் நிற்பார்கள். 2014-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நாற்பது வருஷப் படங்களையும் மாட்டினார்கள். முதல் படத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் யாரோ நான்கு பெண்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். பதினைந்தாவது படம் வரும்போது நாம் நம் வீட்டு அத்தை சித்திகளை நினைக்க ஆரம்பித்துவிடுவோம்.

எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. நான் கோல்டின் (Nan Goldin) என்ற அமெரிக்கப் பெண் போட்டோகிராபர் தன் நண்பர்கள், காதலர்கள், அவர்கள் சண்டைகள், போதை எல்லாவற்றையும் எடுத்த படங்களைக் கிட்டத்தட்ட 700 ஸ்லைடாக, பாட்டோடு, முக்கால் மணி நேரம் ஓட்டினார். 1980-களில் நியூயார்க் கிளப்புகளில் அது ஓடியபோது எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பலர் அந்தப் படங்களிலேயே இருந்தவர்கள். தன் முகம் வருகிறதா என்று பார்க்க வந்தவர்கள். அவர்களிடம் எதையும் விளக்கவேண்டிய தேவையே இல்லை. நீங்கள் பாந்த்ராவில் 90 படத்தை ஓட்டியபோது அந்த ஹாலில் படத்தில் இருக்கிற ஒருவர்கூட இல்லை.

இதுதான் இரண்டாவது கேள்விக்கும் என் பதில். ஏசி ஹாலில் காட்டுவது சரியா என்று கேட்டவர் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள் இல்லை, படத்தில் இருப்பவர்கள்தான். முதலில் தாராவியில் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காட்டியிருந்தால் முதலில் அதைத்தான் எழுதியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

காட்டினால் என்ன ஆகும்? சிலர் சிரிப்பார்கள். சிலர் இதை எடுத்துவிடு தம்பி என்பார்கள். காரணம் நீங்கள் எதிர்பார்க்காததாக இருக்கும். மும்பையில் ஹோட்டல் வைத்திருக்கிறேன் என்று ஊரில் சொல்லிவைத்த ஆள் இருப்பார், அதை நம்பிப் பெண் கொடுத்த சம்பந்தி இருப்பார். இன்னொருவருக்குத் தெருவில் விற்க லைசென்ஸ் இருக்காது. ஹாலில் பத்துப் பேர் செல்போனில் உங்கள் திரையைப் படமெடுத்து அன்று ராத்திரியே போடுவார்கள் என்பதை மறக்காதீர்கள். 2019-இல் போரிவலி ஸ்டேஷன் பக்கம் ஒரு இட்லிக்காரர் கழிவறைக் குழாயில் தண்ணீர் பிடித்ததாக ஒரு வீடியோ ஓடியதே, ஞாபகம் இருக்கும். எங்கோ ஒருவர் செய்ததற்கு நகரம் முழுக்க சைக்கிளில் விற்பவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களுடைய சமையல் இடத்தை நீங்கள் திறந்து காட்டுகிறபோது இது மனதில் இருக்க வேண்டும்.

தயாநிதா சிங் என்ற போட்டோகிராபர் டெல்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைச் சந்தித்தது 1989-இல், ஒரு லண்டன் பத்திரிகைக்காகப் போனபோது. படம் எங்கே வரப்போகிறது என்று தெரிந்ததும் மோனா பிலிம் ரோலைத் திருப்பிக் கேட்டார். தயாநிதா கொடுத்துவிட்டார். பத்திரிகை வேலை போயிற்று, ஆனால் பல வருஷ நட்பு அங்கேதான் ஆரம்பித்தது. 2001-இல் புத்தகம் வந்தபோது படங்களோடு இருந்தது மோனா தானே பதிப்பாளருக்கு எழுதிய மின்னஞ்சல்கள். ஒரு ரோலைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவருக்குத்தான் அது வாய்த்தது.

தாராவியில் சிலர் படத்தை நீக்கச் சொன்னால் நீக்கிவிடுங்கள், வாதாடாதீர்கள். அவர்கள் “இதை வை” என்று சொல்கிற படங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். என் அளவுகோலைவிட அது நல்ல அளவுகோலாக இருக்கலாம்.

பேச்சு. எழுதிவைத்து வாசிக்காதீர்கள். “இந்தப் படத்தில் ஒருவர் சைக்கிள் தள்ளுகிறார்” என்று சொல்லவே சொல்லாதீர்கள், அது தெரிகிறது. படத்தில் தெரியாததைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள், ஒரு பிளேட் என்ன விலை, மழைக்காலத்தில் மாவு எப்படிப் பொங்குகிறது. இந்தி பேசுங்கள், தமிழில் பேசி நண்பர் யாரையாவது மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், எதுவும் பரவாயில்லை. விளக்கை அணைத்ததும் முதல் படத்துக்கு முன்னால் அந்த ஹாரன் சத்தத்தை மட்டும் ஒலிக்கவிட்டுப் பாருங்கள். மும்பையில் வளர்ந்தவர்கள் பாதிப்பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு தொழில் விஷயம், உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். உங்கள் படங்களில் பாதி ராத்திரியில் எடுத்தவை. ப்ரொஜெக்டர் நிழல்களைத் தின்றுவிடும். லேப்டாப்பில் தெரிகிற அடுப்படி திரையில் மொத்தமும் கறுப்பாக வரும். ஒரு மணி நேரம் முன்னால் போய் ஓட்டிப் பாருங்கள், கொஞ்சம் வெளிச்சம் கூட்டிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்துவிட்டுக் காட்டவா என்றால், வேண்டாம். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக 2024-இல் கணக்கெடுப்பு ஆரம்பித்து வாசல்களில் எண் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதை எடுக்கத்தான் போகிறீர்கள், எடுங்கள். ஆனால் இடிக்கிற நாளுக்காகக் காத்திருக்கிற வேலையாக அது ஆகிவிடக் கூடாது. இப்போது இருப்பதை இப்போது காட்டலாம், அடுத்த வருஷம் வேறு வரிசையில் காட்டலாம்.

அப்புறம், புது நிகழ்ச்சி எத்தனை மணிக்கு? ஏழு மணி என்றால் அந்த வீடுகளில் மாவு ஆட்டிக்கொண்டிருப்பார்கள், ஒருவரும் வரமுடியாது. மதியம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கொடுக்கவில்லையென்றால் தாராவி 90 அடி ரோடு பக்கம் யாராவது மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு மதியம் ஓட்டிவிடலாம். தேதியை முன்னாலேயே சொல்லுங்கள், மாட்டுங்காவிலிருந்து எனக்குப் பக்கம்தான்.