மீனில் பாதரசம், காட்மியம், ஈயம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். பால் ஊற சுறாப்புட்டு கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம். சுறா மற்ற மீன்களைத் தின்று பல ஆண்டு வாழ்வது. இரையில் இருக்கும் மீத்தைல் பாதரசம் (பாதரசத்தின் நச்சு வடிவம்) அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். குட்டிச் சுறாவில் குறைவாக இருக்கலாம். ஆனால் துண்டு போட்டு விற்பது எந்தச் சுறா என்று யார் கண்டது?

உலக நிபுணர் குழு விதித்த வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ பெண்ணுக்கு 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் உள்ள மீன் என்றால் 190 கிராமிலேயே அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடும். நெத்திலியும் மத்தியும் சிறியவை, ஆயுள் குறைந்தவை. பாதரசம் மிகக் குறைவு. தயங்காமல் கொடுங்கள்.

தாய்ப்பாலை விட நஞ்சுக்கொடி வழியாகவே பாதரசம் அதிகம் போகும். உடலில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 நாள் ஆகும். அதனால் அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் சில மாதம் முன்பே சுறா, பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கே: மஞ்சள், உப்பு, புளி போட்டு அலசினால் பாதரசம் போகுமா?

போகாது. அது சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. வறுத்தால் நீர் வற்றி, கிராமுக்குக் கிராம் சற்றுக் கூடவே செய்யும்.

கே: கணவாய், நண்டு?

இவற்றில் கவனிக்க வேண்டியது காட்மியம் என்ற நச்சு உலோகம். அது செரிமானச் சுரப்பியில் தங்கும். கணவாயின் தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் குடல் மொத்தமாக வந்துவிடும். பழுப்புச் சுரப்பி கிழியக் கூடாது. முழுதாக ஃப்ரீசரில் வைத்து உருக்கினால் அது கசிந்து சதையில் இறங்கும், ஆகவே சுத்தம் செய்த பிறகே உறையவையுங்கள். நண்டை முழுதாக வேகவைக்காமல், ஓட்டைத் திறந்து பழுப்புக் கூழை வழித்தெறிந்துவிட்டுக் குழம்பில் போடுங்கள்.

கே: எண்ணூர் முகத்துவாரத்து மட்டியை ஒரு நாள் நல்ல தண்ணீரில் போட்டுவைத்தால் சரியாகுமா?

மணல் போகும், உலோகம் போகாது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த நீரை வடிகட்டித் தின்ற மட்டி அது. வாங்காதீர்கள்.

கே: வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியாது. மீனில் ஃபார்மலின் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பட்டை உலோகத்தைக் காட்டாது. 200 கிராம் சதையைச் சுத்தமான பையில் போட்டு, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். முடிவை ஈர எடைக்கு, அதாவது உலர்த்தாத சதையின் எடைக்குக் கேளுங்கள். மீனில் முக்கால் பங்குக்கு மேல் நீர் என்பதால் உலர் எடைக் கணக்கு நான்கைந்து மடங்கு பெரிதாகத் தெரியும். சட்ட வரம்போடு அதை ஒப்பிட்டால் நல்ல மீனும் கெட்டதாகிவிடும்.