லண்டனில் வாடகை கொடுத்து மாளவில்லை. படகு வாங்கிக் கால்வாயில் குடியிருந்தால் பணம் மிச்சமாகுமா?

கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அதற்காக மட்டும் வருவதாக இருந்தால் வராதீர்கள். நானும் மனைவியும் பல வருடமாக கிராண்ட் யூனியன் கால்வாயில் நேரோபோட் என்கிற ஒடுக்கமான நீளப் படகில் குடியிருக்கிறோம். "ஐடி சம்பளக்காரன் பொழுதுபோகாமல் படகு வைத்திருக்கிறான், அவன் பேச்சைக் கேட்காதே" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். எங்களுக்கு வேறு வீடு கிடையாது. இதுதான் வீடு.

நீங்கள் லண்டனில் வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன். படகை ஸ்டேஷன் பக்கமாகக் கட்டிவிட்டு தினமும் ரயிலேறலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நிரந்தரமாகக் கட்டிவைக்க மூரிங், அதாவது படகுக்கென்று ஒதுக்கிய இடம் வேண்டும். லண்டனில் அது லேசில் கிடைக்காது, கிடைத்தால் அதற்குத் தனி வாடகை. மூரிங் இல்லாதவர்கள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. இங்கே நாலடி, அங்கே நாலடி என்று தள்ளிக் கட்டினாலும் கால்வாய் நிர்வாகத்தார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லைசென்ஸ், இன்சூரன்ஸ், 4 வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் உண்டு. மூரிங் இல்லாதவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து லைசென்ஸில் கூடுதல் கட்டணம் வேறு.

போன வருடம் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். "புள்ள சீமையில போட்ல கெடக்கானாமே" என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டு அனுப்பியிருந்தார்கள். இந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் சுடும். அம்மாவை ஏற்றிக்கொண்டு பிளிஸ்வொர்த் சுரங்கம் வழியாகத் தெற்கே போனோம். கால்வாய்க்காக 1805இல் திறந்த சுரங்கம், கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர். கரையே கிடையாது, இருட்டுக்குள் நம் விளக்கு மட்டும்தான். மேலே காற்றுக்காக விட்ட குழிகளிலிருந்து தண்ணீர் கொட்டும். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.

வெளியே வந்ததும் ஸ்டோக் புரூர்னில் வரிசையாக 7 லாக்குகள். கால்வாய் மட்டம் மாறுகிற இடத்தில் படகை ஏற்றி இறக்க, இரண்டு பக்கமும் கதவு போட்ட தொட்டிதான் லாக். "யாரும் வந்து தொறந்துவிட மாட்டாங்களாடா?" என்றார் அம்மா. மாட்டார்கள். மனைவி கரையில் இறங்கி, வின்ட்லாஸ் என்கிற இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றி மதகைத் தூக்க வேண்டும். தண்ணீர் வடிய வடியப் படகு கீழே இறங்கும். மேல்கதவுக்கு அடியில் ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது எங்கே முடிகிறது என்று சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். திட்டில் மாட்டிக்கொண்டால் பின்பக்கம் மேலேயே நிற்கும், முன்பக்கம் தண்ணீரோடு இறங்கும், சில நிமிடத்தில் படகு மூழ்கிவிடும். அதனால் தண்ணீர் வடிகிற நேரத்தில் நான் யாரோடும் பேசுவதில்லை, போனையும் தொடுவதில்லை. மூன்றாவது லாக்கில் அம்மாவே கரையில் இறங்கி, முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளினார். ஊருக்குப் போய் அவர் சொன்ன பதிலுக்கப்புறம் சொந்தத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அன்றாடம் என்று பார்த்தால், படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். ஒருவர் சமைத்தால் இன்னொருவர் தாண்டிப் போக முடியாது. கக்கூஸுக்கு அடியில் இருக்கும் கேசட் என்கிற கழிவுப் பெட்டி நிறைந்ததும் அதற்கென்று உள்ள இடத்துக்குத் தூக்கிப்போய்க் கொட்டி, அலசிக்கொண்டு வர வேண்டும். அருவருப்பு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: யாரோ ஒருவர் எங்கேயும் அதைச் சுத்தம் செய்துகொண்டுதான் இருக்கிறார், இங்கே நாமே செய்கிறோம். மிக்சி போடுவது படகு எஞ்சின் ஓடும்போதுதான். குளிர்காலத்தில் ராத்திரி படுக்குமுன் அடுப்பில் கரியைப் போட்டுக் காற்றுவழியைக் குறைத்துவிட்டால் காலை வரை கனன்றுகொண்டிருக்கும். இட்லி மாவும் அடுப்போரத்தில்தான் பொங்கும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மட்டும் தயவுசெய்து அணைத்து வைக்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மனைவிக்குக் காய்ச்சல் என்று ஒரு மருத்துவரிடம் பதியப் போனோம். வரவேற்பில் இருந்தவர் முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். இங்கிலாந்தில் மருத்துவரிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமே இல்லை; சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று வழிகாட்டுதலே இருக்கிறது. அதைப் போனில் எடுத்துக் காட்டியும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வரி கட்டுகிறோம், லைசென்ஸ் கட்டுகிறோம், கதவு எண் இல்லை என்றதும் மனிதக் கணக்கில் வர மாட்டோமா? அன்றைக்கு வேறொரு மருத்துவரிடம் ஐந்து நிமிடத்தில் பதிந்துவிட்டார்கள்.

உங்களுக்கு இன்னும் ஆசை இருந்தால், வாங்குவதற்கு முன் ஜனவரியில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் இருந்து பாருங்கள். கோடையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வாங்குகிற படகைத் தண்ணீரிலிருந்து தூக்கவைத்து, அடித்தகட்டின் தடிமனைப் படகு சோதிக்கிற ஒரு சர்வேயரை வைத்து அளக்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சாதாரண வீட்டுக் கடன் படகுக்குக் கிடைக்காது, அதையும் கணக்கில் வையுங்கள்.