வளைகள் காலியாகின்றன: முயல் வேட்டையைத் தொடரலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வசிக்கிறேன். தெரிந்த விவசாயி ஒருவரின் நிலத்தில், அவர் அனுமதியோடு, நானும் நண்பரும் ஃபெரெட் (வளைக்குள் புகுந்து முயலை வெளியே விரட்டும், கீரி போன்ற வளர்ப்புப் பிராணி) விட்டும் ஏர் ரைஃபிள் கொண்டும் முயல் பிடித்து வருகிறோம். சில ஆண்டுகளாக எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. இந்தக் குளிர்காலத்தில் பாதி வளைகள் காலி. நாங்கள் அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டோமா, நோயா, நரியா? வேட்டையை நிறுத்த வேண்டுமா? வேறு இடத்திலிருந்து முயல்களைக் கொண்டுவந்து விடலாம் என்கிறார் நண்பர். வீட்டில் மகள் இரண்டு முயல்கள் வளர்க்கிறாள். அவற்றுக்கு ஆபத்து உண்டா?

பதில்: முதல் சந்தேகத்தைப் பெருமளவு விட்டுவிடுங்கள். இரண்டு பேரும் ஒரு ஃபெரெட்டும் சேர்ந்து நார்ஃபோக்கின் முயல்களை ஒழித்துவிட முடியாது. பறவைக் கணக்கெடுப்போடு சேர்த்துத் தன்னார்வலர்கள் எடுக்கும் பாலூட்டிக் கணக்கின்படி, 1996 முதல் 2018 வரை பிரிட்டனில் முயல் எண்ணிக்கை சுமார் 64 சதவீதம் சரிந்தது. ஸ்காட்லாந்தில் சரிவு 80 சதவீதத்தைத் தாண்டியது. துப்பாக்கியே நுழையாத நிலங்களிலும் இதே கதைதான்.

முதன்மைக் காரணம் நோய். அதிலும் இரண்டு நோய்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மிக்சோமடோசிஸ் பழையது. 1952இல் பிரான்சில் ஒரு மருத்துவர் தன் தோட்டத்து முயல்களை ஒழிப்பதற்காக அதை வேண்டுமென்றே விட்டார். அடுத்த ஆண்டே அது கென்ட் மாவட்டத்துக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் பிரிட்டிஷ் முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தன. பிறகு முயல் எதிர்ப்பாற்றலைப் பெற்றது, வைரஸின் வீரியமும் குறைந்தது, இனம் மீண்டது. இந்த நோய் கண்ணுக்குத் தெரியும். இமையும் தலையும் வீங்கி, பார்வை மங்கி, பட்டப்பகலில் வயல் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் முயலை நீங்களே பார்த்திருப்பீர்கள். இங்கே அதைப் பரப்புவது பெரும்பாலும் முயலின் தெள்ளுப்பூச்சி.

உங்கள் வளைகளைக் காலியாக்கியது மற்றதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முயல் இரத்தக்கசிவு நோய் 1984இல் சீனாவில் முதலில் கண்டறியப்பட்டது. 1990களில் பிரிட்டனின் காட்டு முயல்களுக்கு வந்தது. அந்த முதல் வகை வைரஸிடம் ஒரு சலுகை இருந்தது: சில வாரக் குட்டிகளை அது கொல்வதில்லை. அந்த வயதில் தொற்றிய குட்டி பிழைத்து, ஆயுள் முழுவதும் எதிர்ப்பாற்றலோடு வளரும். இனம் தாக்குப்பிடித்தது அந்த வாசல் வழியாகத்தான். 2010இல் பிரான்சில் வெளிப்பட்டு, சில ஆண்டுகளில் பிரிட்டன் முழுவதும் பரவிய இரண்டாம் வகை வைரஸ் அந்த வாசலையும் அடைத்துவிட்டது. பால் குடிக்கும் குட்டியையும் அது கொல்கிறது. தொற்றிய முயல் இரண்டு மூன்று நாட்களில், பெரும்பாலும் வளைக்குள்ளேயே, செத்துப்போகிறது. மேலே பிணம் கிடைக்காது. அதனால்தான் 'முயல் எங்கோ போய்விட்டது' என்று பலரும் நினைக்கிறார்கள். முயல் எங்கும் போவதில்லை. பிறந்த வளையைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்தான் அதன் வாழ்க்கை.

நரி, கீரி போன்ற ஸ்டோட், பஸர்டு பருந்து இவற்றின் மேல் பழி போடுவது வேட்டைக்காரர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. முயல் நிறைய இருக்கும்போது இவற்றால் எண்ணிக்கை அசையாது. ஆனால் நோய் ஒரு வளைத்தொகுதியை ஐந்தாறு முயல்களுக்குக் கொண்டுவந்துவிட்டால், அந்த ஐந்தாறை மேலே எழவிடாமல் அழுத்திவைக்கும் வேலையை நரி செய்யும். இந்த இடத்தில்தான் உங்கள் வேட்டையும் கணக்கில் வருகிறது. நூறில் இருபதை எடுப்பதும் ஆறில் இரண்டை எடுப்பதும் ஒன்றல்ல. நோயைக் கடந்து உயிரோடிருக்கும் முயல் பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் உள்ள முயல். அதை எடுத்தால், அந்த நிலம் நோய்க்கு எதிராகச் சேர்த்துவைத்த ஒரே சேமிப்பை எடுக்கிறீர்கள்.

எனவே நிறுத்துவதா, தொடர்வதா என்பதை நிலம் முழுவதற்கும் ஒரே முடிவாக எடுக்காதீர்கள். வளைத்தொகுதி வாரியாக எடுங்கள். வலையும் ஃபெரெட்டும் இல்லாமல் ஒரு நாள் சும்மா நடந்து வாருங்கள். வளையின் வாயில் சிலந்தி வலை, உதிர்ந்த இலை, உள்ளே முளைத்த புல் இருந்தால் அது செத்த வளை. புதிதாகத் தோண்டிய ஈர மண், பளபளப்பு மாறாத புழுக்கை, சுற்றிலும் ஒட்ட மேய்ந்த புல் இருந்தால் உயிருள்ள வளை. பழைய புழுக்கை மாதக்கணக்கில் கிடக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஒரு தொகுதி முழுக்கச் செத்துக் கிடக்க, ஒரு வயல் தள்ளி இன்னொன்று கலகலப்பாக இருந்தால் அது நோயின் கையெழுத்து. எல்லாத் தொகுதிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் மட்டும் உங்கள் வேட்டைப் பையையும் சந்தேகியுங்கள்.

பிறகு எண்ணுங்கள். மார்ச் மாதம் அந்தி நேரத்தில், காற்றில்லாத, மழையில்லாத ஒரு நாளில், வயலோரமாக ஒரு பாதையைத் தேர்ந்து, மேலே தெரியும் முயல்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பாதை, அதே நேரம், செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடி. மார்ச்சில் தெரிவது இனப்பெருக்கம் செய்யும் கூட்டம். செப்டம்பரில் தெரிவது அந்த ஆண்டின் விளைச்சலும் சேர்ந்தது. பெண் முயல் ஒரு மாதத்தில் குட்டி போடும், போட்ட கையோடு மறுபடி சினையாகும். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை பல ஈற்று காணும். அப்படிப்பட்ட பிராணி செப்டம்பரில் மார்ச்சைவிட இரண்டு மடங்காகக்கூடத் தெரியவில்லை என்றால், குட்டிகள் பிழைக்கவில்லை என்றுதான் பொருள். என் கருத்தில் அந்தத் தொகுதியை அந்தக் குளிர்காலம் தொடவே கூடாது. பெருகியிருக்கும் தொகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிடியுங்கள். ஜனவரிக்குப் பிறகு கிடைக்கும் பெண் முயல் ஒவ்வொன்றும் சினையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஃபெரெட் விடுபவர்கள் பலர் மார்ச் வரை நீட்டுவார்கள், இன்றைய நிலையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

நீங்கள் முயல் பெருக வேண்டும் என்று நினைக்கலாம். நிலத்துக்காரரின் நிலை வேறு. 1954ஆம் ஆண்டுத் தொல்லை உயிரினச் சட்டத்தின்படி (Pests Act), சில சிறு விதிவிலக்குகள் போக, இங்கிலாந்தும் வேல்ஸும் முழுவதுமே முயல் ஒழிப்புப் பகுதி. நிலத்தை வைத்திருப்பவர் முயலைக் கட்டுப்படுத்தக் கடமைப்பட்டவர். அது நடைமுறையில் இயலாத இடத்தில், வேலி போன்றவற்றால் சேதத்தையாவது தடுக்க வேண்டும். அவர் உங்களுக்கு அனுமதி கொடுத்ததே பயிரைக் காப்பதற்காக இருக்கலாம். ஆகவே பேசுங்கள். கோதுமையை ஒட்டிய தொகுதிகளில் பிடிப்பது, மேய்ச்சல் புல்வெளியிலும் மணல் மேட்டிலும் இருப்பவற்றை விட்டுவைப்பது என்று ஓர் ஏற்பாட்டுக்கு வரப் பெரும்பாலான விவசாயிகள் தயங்குவதில்லை. உங்கள் மாவட்டத்தின் தென்மேற்கிலுள்ள பிரெக்லண்ட் மணல்வெளியில் முயல் ஒட்ட மேய்ந்த தரையில்தான் ஸ்டோன் கர்லூ என்ற பறவை முட்டையிடுகிறது. மிக்சோமடோசிஸுக்குப் பிறகு புல் உயர்ந்து, நிலம் குளிர்ந்து, பெரிய நீல வண்ணத்துப்பூச்சியின் புழு வாழத் தேவையான எறும்பு குறைந்ததும் ஒரு காரணமாகி, அந்த வண்ணத்துப்பூச்சி 1979இல் பிரிட்டனிலிருந்தே மறைந்தது. பிறகு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்துதான் மீட்டார்கள். அதிகாரபூர்வமாகத் தொல்லை என்று பெயர் பெற்ற ஒரு பிராணியைக் காப்பாற்றத் திட்டம் போட வேண்டிய நிலை இப்போது.

முயல்களைக் கொண்டுவந்து விடும் யோசனையை மறந்துவிடுங்கள். புது நிலத்தில் வளை தெரியாத முயலை முதல் சில நாட்களிலேயே நரி தின்றுவிடும். பிழைப்பது புது வைரஸைச் சுமந்து வந்திருக்கலாம். பக்கத்து வயல்காரர் உங்கள் மேல் பாய்வார். முயல் வேண்டுமென்றால் இருக்கும் முயலுக்கு இடம் செய்து கொடுங்கள். வெட்டிய கிளைகளை, உயிருள்ள வளைக்கு அருகே, ஓடி ஒளியும் தூரத்தில் குவித்து வைப்பது மலிவான வழி. பிரெக்லண்டில் இப்படி வைத்துப் பார்த்ததில் பெரும்பாலான குவியல்களில் முயல் மண்ணைக் கீறியிருந்தது, பலவற்றில் வளையே தோண்டியிருந்தது. சுற்றிலும் புல் உயரமாக இருந்தால் பயனில்லை. ஆடு மேயவிடச் சொல்லுங்கள்.

பை காலியாக இருக்கும் நாட்களுக்குச் சாம்பல் அணில் இருக்கிறது. மரப்புறா என்றால் அரசு வெளியிடும் பொது உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் சுடுங்கள். பெருமுயல் (hare) பக்கம் மட்டும் திரும்பாதீர்கள்; அந்த இரண்டாம் வகை வைரஸ் அவற்றையும் கொல்வது உறுதியாகிவிட்டது. இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே இருப்பது வளை தோண்டாத வேறு இனம். அதை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தப் பதில் அங்கே செல்லாது.

இறைச்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு நோய்களும் மனிதரையும் நாயையும் ஃபெரெட்டையும் தொற்றுவதில்லை. இருந்தும் நோயுற்ற முயலைச் சமைக்க வேண்டாம். வயிற்றைத் திறந்ததும் ஈரலைப் பாருங்கள்: வழவழப்பாக, அடர்ந்த செம்பழுப்பாக இருந்தால் சரி. வெளிறி, தொட்டால் உதிர்வதுபோல் இருந்தாலோ வெள்ளைப் புள்ளிகள் இருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். செத்த முயலைக் கண்டால் ஆழமாகப் புதையுங்கள். பிணத்தில் வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.

உங்கள் மகளின் முயல்களுக்கு ஆபத்து நிச்சயம் உண்டு, அதைக் கொண்டுவரக்கூடியவர் நீங்கள்தான். பூட்ஸ், வலை, ஃபெரெட் பெட்டி இவற்றை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே கழுவி, வைரஸைக் கொல்லும் கிருமிநாசினியில் நனைத்து வையுங்கள். உடை மாற்றி, கை கழுவாமல் கூண்டுப் பக்கம் போகாதீர்கள். வேட்டை நிலத்துப் புல்லையும் டான்டேலியன் இலையையும் பறித்துவந்து போடவே வேண்டாம். மிக்சோமடோசிஸோடு இரத்தக்கசிவு நோயின் இரண்டு வகைகளுக்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். பழைய ஊசிகளில் இரண்டாம் வகை சேர்ந்திருக்கவில்லை. கடைசியாகப் போட்டது எது என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, அதில் இரண்டாம் வகை இல்லை என்றால் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.