மிச்ச சோப்பை உருக்க காஸ்டிக் சோடா எதற்கு?

குளித்து மிஞ்சிய சோப்புத் துண்டுகளை டப்பாவில் சேர்த்து வைத்து, துருவி, தண்ணீர் விட்டு உருக்கி அச்சில் ஊற்றியிருக்கிறார் ஒரு வாசகி. சில நாளில் அது சுருங்கி ஓரமெல்லாம் விரிசல் விட்டுவிட்டது, உள்ளே திப்பிதிப்பியாக இருக்கிறது. சோப்பு சாமான் விற்கும் கடைக்காரர், “காஸ்டிக் சோடா போடாமல் விட்டீர்கள், அதுதான் கோளாறு” என்று சொல்லி சோப்பு செய்யும் சாமான் அடங்கிய ஒரு கிட்டையும் நீட்டியிருக்கிறார். வாங்கலாமா, நன்றாக வந்தால் மகளிர் குழு மூலம் விற்கலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். காஸ்டிக் சோடாவின் வேலை எண்ணெயைச் சோப்பாக்குவது. உங்கள் டப்பாவில் இருப்பது ஏற்கெனவே சோப்பு, அந்த வேலை ஃபேக்டரியிலேயே முடிந்துவிட்டது. இப்போது போடும் காஸ்டிக்குக்கு அதில் பிடித்துக்கொள்ள எண்ணெய் கிடையாது. அதனால் அப்படியே காரமாகத் தங்கி, குளிக்கிறவர் தோலைப் பதம் பார்க்கும். இது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. துருவி, எவர்சில்வர் பாத்திரம், தண்ணீர் என்று வீட்டிலேயே எல்லாம் இருந்தால் அவர் எதை விற்பார்? கிட்டில் வரும் ‘சோப் பேஸ்’ கட்டியும் இதற்குத் தேவையில்லை, அது உருக்கி ஊற்றுவதற்கென்றே செய்த வேறு சரக்கு.

விரிசலுக்குக் காரணம் தண்ணீர். சோப்பு மெழுகு போல உருகி ஓடும் என்று எதிர்பார்த்து, ஓடவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என ஊற்றிக்கொண்டே போவோம், ஊற்றிய தண்ணீரெல்லாம் காயும்போது சோப்பு சுருங்காமல் என்ன செய்யும். அரைக் கிலோ துருவலுக்கு 100 மில்லி போதும். தெளித்துப் பிசறி, மூடி, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள், ரொம்ப வறண்டால் மட்டும் ஒவ்வொரு ஸ்பூனாகத் தண்ணீர் சேர்க்கலாம். அடிக்கடி கிளறினால் நுரைத்துவிடும். கெட்டியான களிப் பதம் வந்தால் சரி, அதை ஊற்ற முடியாது, அச்சில் அமுக்கித்தான் அடைக்க வேண்டும். அச்சைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் காற்று போகும். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், சோப்பின் காரம் அதை அரிக்கும். வெளியே எடுத்த பிறகு நிழலில், காற்றாட, மூணு நாலு வாரம் காய வேண்டும்.

திப்பி வேறு கதை. உறையின் பின்பக்கம் டி.எஃப்.எம். என்று எறும்பு அளவு எழுத்தில் போட்டிருப்பார்களே, அது கொழுப்பு அமிலத்தின் அளவு. முதல் தரக் குளியல் சோப்புக்கு 76 சதவீதம் இருக்க வேண்டும். ‘பேத்திங் பார்’ என்று இருந்தால் 40 போதும், மீதியில் டால்க், மாவு என்று என்னென்னவோ இருக்கலாம், அதெல்லாம் கரையாது. ரெண்டையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைத்து, வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடச் சொல்கிறது நம் சட்டம்.

சேர்க்கக் கூடாதது ஒன்று உண்டு, துணி சோப்பு. பழைய மஞ்சள் பார் சோப்பு நிஜ சோப்புதானே என்று வாதாடுவார்கள். நிஜ சோப்புதான், ஆனால் அழுக்கெடுக்க அதில் சோடாவும் சிலிக்கேட்டும் சேர்த்திருப்பார்கள், உடம்புக்கு ஆகாது. நீலத்திலும் பச்சையிலும் வரும் டிடர்ஜென்ட் கட்டி சோப்பே கிடையாது. “ஒரு சின்னத் துண்டுதானே” என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அந்தச் சின்னத் துண்டு உருகும்போது மொத்தத்திலும் கலந்துவிடும், அப்புறம் பிரித்தெடுக்க வழியில்லை. பாத்திரம் தேய்க்கும் பாருக்கும் இதே பதில்தான்.

பால், கற்றாழை, பச்சை வேப்பிலை விழுதும் வேண்டாம், கெட்டுப்போய்ப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பொடியாக இருந்தால் ஒரு ஸ்பூன் போடலாம்.

அடுத்தது விற்பனை. இந்தியச் சட்டப்படி குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். 2020-ம் ஆண்டு விதிகளின்படி விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அதற்குத் தனி இடம், தகுதியுள்ள ஆள் என்று நிபந்தனைகள் நீளும். சமையலறையில் சோப்பு செய்கிறவரையும் பெரிய கம்பெனியையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் நடுவில் ஏஜென்ட் முளைக்காமல் என்ன செய்வான்? “உத்யம் எடுத்துத் தருகிறேன், அது போதும்” என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். உத்யம் என்பது சிறுதொழில் பதிவு, அரசுத் தளத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம், ஆனால் அது சோப்பு செய்வதற்கான உரிமம் ஆகாது. இன்னொருத்தர் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் வாங்கித் தருவதாகச் சொல்வார், அது சாப்பாட்டுப் பொருளுக்கு! யாராவது சோப்பைச் சாப்பிடுவார்களா?

உரிமமே கிடைத்தாலும், வீட்டில் நாலு பேர் தேய்த்த கம்பெனி சோப்பை உருக்கி ‘மூலிகை சோப்பு’ என்று லேபிள் ஒட்டி விற்க முடியாது. சந்தையில் அப்படி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வரிசையில் நீங்கள் சேர வேண்டாம். வீட்டு உபயோகத்துக்குச் செய்யுங்கள். அதுவும் அரைக் கிலோவாவது சேர்ந்தால்தான், கைப்பிடித் துண்டுக்காக ஒரு மணி நேரம் கேஸ் எரிப்பது தண்டம். அந்த அளவுக்கு ஒரு பீர்க்கங்காய் நாரின் பொந்தில் துண்டுகளைத் திணித்து, வாயைக் கட்டித் தேய்த்துக்கொள்ளலாம்.